மெயிலில் யாரும் நுழையவே இல்லை, ஆனாலும் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

சொந்தமாக டொமைன் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

திருப்பூரில் பனியன்களுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கிறோம். நாளுக்கு 30 மெயில் அனுப்பினாலே அதிகம். ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், 'டெலிவரி ஆகவில்லை' என்று 2,000 மெயிலுக்கு மேல் திரும்பி வந்து கிடந்தன. நாங்கள் அனுப்பாத மருந்து விளம்பரம், கேள்விப்படாத பெயர்கள், எல்லாவற்றிலும் அனுப்புநராக எங்கள் டொமைன். மதியத்துக்குள் ஒரு பையர் போன் செய்து, "என்னங்க, உங்ககிட்ட இருந்து இப்படி மெயில் வருது?" என்று கேட்டார். கை நடுங்கிவிட்டது.

எங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தைக் கூப்பிட்டோம். மெயிலை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், பாதுகாப்பு பேக்கேஜ் போட வேண்டும் என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். பாஸ்வேர்டுகளை மாற்றினார்கள், அவ்வளவுதான். மறுநாளும் அதே கூத்து.

அப்புறம் என் மச்சானின் நண்பர், கணினித் துறையில் இருப்பவர், திரும்பி வந்த ஒரு மெயிலின் ஹெடரை, அதாவது அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் மறைவான விவரங்களைத் திறந்து காட்டினார். அது கிளம்பிய ஐ.பி. முகவரிக்கும் (இணையத்தில் ஒரு கணினியைக் காட்டும் எண்) எங்கள் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை. மெயில் அனுப்புவதற்கென்று 1982இல் வகுத்த எஸ்.எம்.டி.பி. முறையில், அனுப்புநர் சொல்லும் முகவரி உண்மைதானா என்று சரிபார்க்க வழியே கிடையாதாம். தபால் உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாமே, அது போலத்தான். பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் இது நிற்காது.

இதைத் தடுக்கத்தான் எஸ்.பி.எஃப். (எந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) என்று மூன்று பதிவுகள். டொமைனின் விவரங்களை எல்லா சர்வர்களும் பார்க்கும்படி வைத்திருக்கும் டி.என்.எஸ். அமைப்பில் எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. எங்கள் எஸ்.பி.எஃப். பதிவைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. கடைசியில் '+ஆல்' என்று இருந்தது. உலகில் எந்த சர்வரும் எங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று அதற்குப் பொருள். அதை எழுதியதே நாங்கள் பணம் கொடுத்த அந்த நிறுவனம்தான். அதை '-ஆல்' (பட்டியலில் இல்லாத எந்த சர்வரும் அனுப்பக்கூடாது) என்று மாற்றி, டிகிம் சேர்த்துவிட்டு, டிமார்க்கை முதலில் 'நன்' (none: எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும்) நிலையில் வைத்தார்.

எடுத்தவுடன் டிமார்க்கில் 'ரிஜெக்ட்' (தேறாத மெயிலை ஏற்கவே வேண்டாம்) போட்டுவிடாதீர்கள். தினமும் வரும் டிமார்க் அறிக்கையைப் பார்த்தபோதுதான், எங்கள் பில்லிங் மென்பொருளும் தன் சொந்த சர்வரிலிருந்து எங்கள் பெயரில் இன்வாய்ஸ் அனுப்புவது தெரிந்தது. அவசரப்பட்டிருந்தால் அதுவும் நின்றிருக்கும். அதையும் பதிவில் சேர்த்து, மூன்று வாரம் கழித்து 'குவாரன்டைன்' (தேறாததை ஸ்பாமில் போடு), பிறகு 'ரிஜெக்ட்' என்று போனோம். எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கேட்ச்-ஆல் வசதியையும் அணைத்தோம். குவியலில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வந்திருந்தது.

உங்கள் டொமைனில் இந்த மூன்று பதிவுகளும் எப்படி இருக்கின்றன என்று, உங்கள் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுத்த பணம் எங்களுக்குத் திரும்பவில்லை. ஈரோட்டில் ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் மெயில் இன்னும் ஸ்பாமில்தான் விழுகிறது. ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் போன் செய்து எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.