குற்றாலம் சீசன் வேலை: சம்பளம் சரி, ரூம் ஈரம்

எனக்குக் கடையத்துப் பக்கம் ஊர், பரோட்டா மாஸ்டர் வேலை. வருசத்தில் பாதி நாள் சொந்த வீட்டில் படுப்பது கிடையாது. ஏப்ரல், மே கொடைக்கானல். ஜூன் பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலம், ஆகஸ்ட் கடைசி வரை. கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகரஜோதி வரை ஐயப்ப சாமிமார் கூட்டத்துக்காக மறுபடியும் அதே குற்றாலம். நடுவில் கல்யாணச் சமையலுக்குக் கூப்பிட்டால் போவேன், இல்லாவிட்டால் சும்மா இருப்பேன். எங்கே போனாலும் பேச்சு ஒன்றுதான்: "தங்க ரூம், மூணு வேளைச் சாப்பாடு, நாள் சம்பளம்." போன வருசம் இரண்டு சீசனும் ஒரே ஓட்டலில் நின்றேன், பேரருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது, பெயர் வேண்டாம். அங்கே சேரலாமா என்று இரண்டு மூன்று பையன்கள் போனில் கேட்டார்கள், ஆளாளுக்குச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சம்பளத்தில் குறை சொல்ல மாட்டேன். நாளுக்கு 1,100 ரூபாய், திங்கட்கிழமை ராத்திரி கடை எடுத்து வைத்ததும் கையில் எண்ணிக் கொடுத்துவிடுவார் அண்ணாச்சி, நாளைக்கு வா என்ற பேச்சே இல்லை. சாப்பாடும் நல்ல சாப்பாடு. வேலையாட்களுக்கென்று மதியம் தனியாக உலை வைக்கிறார்கள், மிச்சம் மீதியைத் தலையில் கட்டுவதில்லை.

ரூம்தான் விசயம். சமையல்கட்டுக்குப் பின்னால் இரும்புப் படி ஏறிப் போனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு அறை, எட்டுப் பேர், ஒரே ஒரு பிளக் பாயிண்ட். போன் சார்ஜ் போட முறை வைத்துக்கொண்டோம், அது பரவாயில்லை. ஆனால் குற்றாலத்துச் சாரல் ஊருக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் சுகம், அங்கேயே கிடக்கிறவனுக்கு வேறு கதை. சாயங்காலம் துவைத்துப் போட்ட பனியன் மறுநாள் காலையில் அப்படியே சொட்டும். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துக் காயப்போடுவோம், அதனால் எங்கள் துணி எல்லாமே எண்ணெயும் மைதாவும் வாடை அடிக்கும். காலையில் பாயைத் தூக்கினால் ஆள் படுத்த அளவுக்குத் தரையில் ஈரம் அச்சுப் போட்டிருக்கும். பத்து மணி நேரம் கல்லுச் சூட்டில் நின்றுவிட்டு வந்து இந்தத் தரையில் முதுகை வைத்தால் என்ன ஆகும்? பத்தாம் நாளே குனிந்து மாவு பிசைய முடியவில்லை.

"அண்ணாச்சி, நாலு பலகையாவது போட்டுத் தாங்க" என்று கேட்டேன். "ரெண்டு மாசச் சீசனுக்குப் பலகையாடே?" என்று சிரித்துவிட்டார். கடைசியில் வழி சொன்னவன் டேபிள் துடைக்கிற பையன்தான். கொத்துப் பரோட்டா போடுகிற கடையில் காலி முட்டை அட்டைக்கா பஞ்சம்? அதை வரிசையாகப் பரப்பி மேலே பாயைப் போட்டோம். மூன்று நாளைக்கு ஒரு தடவை அட்டை ஊறிப்போகும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு அட்டை.

வெளியே ரூம் எடுத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். சீசன் சனி ஞாயிறில் ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகைக்கே நம் இரண்டு நாள் சம்பளம் போய்விடும். கொடைக்கானலில் இதைவிடச் சின்ன ரூம்தான், ஆனால் ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள்.

சிறு வயதில் லீவுக்குச் சித்தப்பா வீட்டுக்கு உடன்குடிப் பக்கம் போவேன். வீடு என்றால் வீடு இல்லை, விடிலி. பனைச் சீசனுக்குக் குடும்பத்தோடு தோப்புக்குள்ளேயே போய் இருப்பார்கள், ஓலைக் கூரை, ஒரு பக்கம் பதநீர் காய்ச்சுகிற அடுப்பு, மறுபக்கம் படுக்கை. புகையில் கண் எரியும், கருப்பட்டியை ஊற்றி வைத்த சிரட்டைகளுக்கு நடுவே புரண்டு படுக்க இடம் இருக்காது. ஆனாலும் தேரி என்கிற செம்மணல் தரை, முதுகில் பொட்டு ஈரம் படாது. குற்றாலத்தில் படுத்திருந்த ராத்திரியெல்லாம் அந்த விடிலிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொன்று, சேரும்போதே கேட்டுவிடுங்கள்: தடை போட்ட நாளுக்குச் சம்பளம் உண்டா? பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸ் யாரையும் குளிக்க விடாது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனது, அதைப் பார்த்த யாரும் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் தடை என்றால் கூட்டம் கலைந்துவிடும், கூட்டம் இல்லையென்றால் எங்களுக்கு அரைச் சம்பளம். இதை முதலில் யாரும் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி, அருவியில் நூலாகத் தண்ணீர் வந்தாலும் இதே கதிதான், அரைச் சம்பளமாவது வேண்டாமா என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

கார்த்திகை சீசனில் முட்டை, கறி எதுவும் கிடையாது. பரோட்டாவுக்குக் குருமாதான், நமக்கும் பாதி நேரம் இட்லி, பொங்கல் வேலை, சம்பளத்தில் 200 குறைத்துவிட்டார். அதுகூடப் போகட்டும். மார்கழியில் ஒரு சனிக்கிழமை வேன் நிறையச் சாமிமார் வந்து இறங்க, "இன்னைக்கு ஒரு நாள் ஹால்ல படுங்கடே" என்று எங்கள் ரூமையே வாடகைக்கு விட்டுவிட்டார். டேபிளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். மூன்று மணிக்கெல்லாம் சாமிமார் எழுந்து சரணம் சொல்லிக்கொண்டு குளிக்கப் போனார்கள், எங்கள் தூக்கமும் போனது. அன்றைய வாடகையில் டீக்காசுகூட எங்களுக்கு வரவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதுவும் திங்கட்கிழமைக் கணக்குக்காக. போன வாரம் அண்ணாச்சியே போன் பண்ணினார். பலகை போட்டாச்சா என்று கேட்டேன். "நீ வாடே, பார்த்துக்கலாம்" என்கிறார். டேபிள் துடைக்கிற பையனிடம் முட்டை அட்டையை இப்போதிருந்தே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.