சார்ஜிங் பின்: நிலைக்குமா, மறையுமா?

கைப்பேசியின் சார்ஜிங் போர்ட் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற சண்டை ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறைவேற்றிய பொது மின்னேற்றி விதி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கு யூஎஸ்பி டைப்-சி போர்ட்டைக் கட்டாயமாக்கியது. அந்தக் கெடுவுக்கு முன்பே, 2023 செப்டம்பரில், ஆப்பிள் ஐபோன் 15 வரிசையில் தன் சொந்த லைட்னிங் போர்ட்டைக் கைவிட்டு டைப்-சிக்கு மாறியது. இனி எஞ்சியிருப்பது, போர்ட் இருக்குமா அல்லது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கம்பியில்லா மின்னேற்றம் அதன் இடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளுமா என்ற கேள்விதான்.

தோற்றுப்போன லைட்னிங்குக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2012-இல் ஐபோன் 5-உடன் வந்த அந்த முனையில் 8 தொடுபுள்ளிகள் கேபிளின் தட்டையான நாக்கில் வெளியே தெரியும்படி இருந்தன. போனுக்குள் இருந்ததோ நடுவில் நாக்கில்லாத குழி. அதில் சேரும் துணித்தூசியைப் பல் குத்தும் குச்சியால் எளிதாக எடுத்துவிடலாம். டைப்-சியில் அந்த மெல்லிய நாக்கு போனுக்குள்ளேயே நடுவில் நிற்பதால், குச்சியைக் கவனமாக ஓரமாகத்தான் விட வேண்டும். ஆனால் கேபிளைப் பிடித்துக்கொள்ளும் வில் போன்ற பாகங்களை டைப்-சி கேபிள் முனைக்கு மாற்றிவிட்டது. தளர்ந்துபோனால் பெரும்பாலும் கேபிளை மாற்றினால் போதும். 24 தொடுபுள்ளிகளோடு, மின்சாரம், தரவு, காணொளி மூன்றையும் கொண்டுசெல்லும் வசதியும் இருப்பதால், டைப்-சி வென்றது சட்டத்தின் தயவால் மட்டும் அல்ல.

ஆயினும் டைப்-சியின் பலவீனம் அதன் பொது வடிவத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஐபோன் 15-இன் போர்ட்டில் தரவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அதே ஆண்டு வந்த ஐபோன் 15 ப்ரோவில் 10 கிகாபிட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு துளைகளுக்கும் வேறுபாடு தெரியாது. யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது மின்னேற்றத் தரம் 240 வாட் வரை அனுமதிக்கிறது. ஆனால் சாதாரண 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும், 5 ஆம்பியர் கேபிளுக்குள் அதன் திறனைச் சொல்லும் அடையாளச் சில்லு இருக்க வேண்டும். சில சீன நிறுவனங்கள் தங்கள் சொந்த முறையில் 80 வாட், 100 வாட் என்று விளம்பரம் செய்கின்றன. அந்தப் போன்களை வேறு நிறுவனத்தின் சார்ஜரில் செருகினால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். 15 வாட்டுக்கு மேல் ஏறும் போன்கள் பவர் டெலிவரியையும் ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்வது இதற்காகத்தான். என்னைக் கேட்டால், போர்ட்டின் வடிவத்தை ஒன்றாக்கியதைவிட இதுவே அந்த விதியின் பயனுள்ள பகுதி.

கம்பியில்லா மின்னேற்றத்தின் பழைய குறை, மின்னேற்றும் தட்டிலும் போனிலும் உள்ள கம்பிச் சுருள்கள் நேருக்கு நேர் அமையாமல் போவது. இரவில் தட்டின்மேல் வைத்த போன் சற்றே விலகினால், காலையில் பேட்டரி நிரம்பியிருக்காது, போன் மட்டும் சூடாக இருக்கும். ஐபோன் 12-இல் 2020-இல் வந்த மேக்சேஃப் காந்த வளையம் இதைத் தீர்த்தது. அந்த நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட Qi2 ('ச்சீ2' என உச்சரிக்கப்படும்) பொதுத்தரம் 2023-இல் 15 வாட்டோடு அறிவிக்கப்பட்டு, 2025-இல் 25 வாட்டுக்கு உயர்ந்தது. துளை தேயாது, நீர் புகாது, காரில் ஒரு கையாலேயே ஒட்டிவிடலாம். ஆனால் காந்தத்தால் சுருள்கள் சரியாகப் பொருந்தினாலும் மின்சாரத்தின் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதைத் தடுக்க முடியாது. அந்த வெப்பம் லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். மின்வெட்டு நேரத்தில் பவர் பேங்கை நம்பியிருப்பவருக்கு இந்த இழப்பு சிறியதல்ல.

அடுத்த படி, துளையே இல்லாத போன். 2019-இல் மெய்சூ நிறுவனத்தின் 'ஜீரோ', விவோவின் 'ஏபெக்ஸ்' ஆகிய மாதிரிகள் இதைக் காட்டின. ஜீரோவுக்காக நடந்த இணைய நிதிதிரட்டல் இலக்கையே எட்டவில்லை. ஐரோப்பிய விதியும் இதற்குத் தடையில்லை, ஏனெனில் கம்பிவழி மின்னேறும் சாதனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஸ்மார்ட்வாட்ச்கள் துளையின்றி நன்றாகத்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். கடிகாரம் தடுமாறினால் துணைக்குப் போன் இருக்கிறது. போனின் மென்பொருள் எழவே மறுத்தால், கணினியோடு இணைத்து அதை மீட்பதற்குப் பொதுவாகக் கேபிள்தான் வழி. பென் டிரைவ், கம்பி இயர்போன், தொலைக்காட்சி இணைப்பு எல்லாம் அதே துளையை நம்பியே இருக்கின்றன. ஐபோன் 16-ஐ அருகிலுள்ள இன்னொரு ஐபோன் மூலம் கம்பியின்றி மீட்கும் வசதி ஐஓஎஸ் 18-இல் வந்தது இந்தத் திசையில் ஒரு முக்கிய அடி. இருந்தாலும் சுருளும் காந்தமும் கூடுதல் செலவாக இருக்கும்வரை, மலிவு விலைப் போன்களில் துளை அவ்வளவு எளிதில் மறையாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே இப்போது போன் வாங்குபவர், வாட் எண்ணிக்கைக்கு முன்பாக வேறொன்றை விசாரிப்பது நல்லது. பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் போர்ட் தனியான ஒரு சிறு மின்சுற்றுப் பலகையில் இருக்கும். போர்ட் தளர்ந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடலாம். சிலவற்றில் அது முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்போது பழுதுபார்ப்புச் செலவு பல மடங்காகிவிடும்.