லியோனில் மாணவர் அறை: ரெசிதான்ஸா, கொலோக்கா?

லியோனில் முதுகலைக்கு இடம் கிடைத்தவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று. அடுத்தது, வகுப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று. கேட்க வேண்டியதுதான். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: பாதியில் காலி செய்ய வேண்டி வந்தால் என்ன ஆகும்?

பாதியில் காலி செய்யும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. பொறியியல், மேலாண்மைப் படிப்புகள் பெரும்பாலானவற்றில் கடைசி செமஸ்டர் ஸ்தாஜ், அதாவது நிறுவனத்தில் செய்யும் பயிற்சி. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தொடங்கி ஆறு மாதம் ஓடும். அது லியோனுக்குள்ளேயே கிடைத்தால் நல்லது. பாரிஸிலோ துலூஸிலோ கிடைத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்குக் கிரெனோபிளில் கிடைத்தது. நான் இருந்தது லியோனை ஒட்டிய வில்லர்பானில், லா துவா பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில், ஒரு ரெசிதான்ஸில், அதாவது தனியார் மாணவர் விடுதியில். இன்னொரு முறை வந்தாலும் முதல் வருடத்துக்கு அதையேதான் எடுப்பேன்.

முதலில் க்ரூஸ். அரசு மாணவர் விடுதி; எல்லாவற்றிலும் அதுதான் மலிவு. கிடைத்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதை எடுங்கள். உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கே முன்னுரிமை என்பதால், வெளியிலிருந்து வருகிற நம்மில் பலருக்கு அது கிடைப்பதில்லை. மிச்சம் மூன்று வழி: தனி வீட்டுக்காரரிடம் ஒரு ஸ்டூடியோ, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் கொலோக், நிறுவனங்கள் நடத்தும் ரெசிதான்ஸ்.

ஸ்டூடியோவைப் பற்றி நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதனால் சுருக்கமாக. வீட்டுக்காரர்கள் பிரான்ஸில் வேலை பார்க்கும் ஜாமீன்தாரரைக் கேட்கிறார்கள், அதுவும் வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் வாங்குபவராக. வாடகை வராமல் போனால் ஈடுகட்ட காப்பீடு எடுத்திருக்கும் வீட்டுக்காரர் அதற்கு மேல் ஜாமீனும் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வாடகைக்கு வருபவர் மாணவர் என்றால் அந்தத் தடை கிடையாது. ஏஜென்சி வழியாகப் போனால் கட்டணம் சதுர மீட்டருக்குச் சுமார் 13 யூரோ வரை, 20 சதுர மீட்டர் அறைக்கு 260 யூரோ. வீட்டை நேரில் பார்க்காமல் தரமாட்டார்கள். பார்க்காமலே தருகிறேன், முன்பணத்தை அனுப்பு என்பவர் அநேகமாக மோசடிக்காரர். ஊரில் ஒரு வருடம் இருந்து, பிரெஞ்சில் போனில் பேச வந்த பிறகு தேடினால் நல்ல ஸ்டூடியோ அமையும் என்கிறார்கள்.

போட்டி என்றால் அது ரெசிதான்ஸுக்கும் கொலோக்குக்கும்தான்.

வாடகையில் கொலோக் ஜெயிக்கும். லியோனிலும் வில்லர்பானிலும் ஓர் அறை சுமார் 450 முதல் 600 யூரோ. ரெசிதான்ஸில் 18, 20 சதுர மீட்டர் ஸ்டூடியோ 600-இல் தொடங்கி 800 வரை போகும். பார்ட்-தியு பக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் ஏறும். இரண்டு ஊரிலும் 2021 நவம்பரிலிருந்து வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் ரெசிதான்ஸில் வாடகையோடு 'சேவைகள்' என்று தனிக் கட்டணம் ஒன்று வரும், அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் உள்ளே அடக்கமா என்று கேளுங்கள். சில இடங்களில் எல்லாம் அடக்கம். சில இடங்களில் உங்கள் பெயரில் தனி மின் இணைப்பு எடுக்க வேண்டும். மின் ஹீட்டர் இருக்கும் அறையில் ஜனவரி பில் வரும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும். துணி துவைக்கும் இயந்திரம் கீழ்த்தளத்தில் இருக்கும், ஒவ்வொரு முறையும் காசு.

சமையலறையிலும் கொலோக்தான். நாலு அடுப்பு, ஜன்னல், பெரிய ஃப்ரிட்ஜ். என் ஸ்டூடியோவில் இரண்டு மின்தட்டு, முழங்கால் உயர ஃப்ரிட்ஜ், கட்டிலுக்கு நேர் மேலே புகை அலாரம். கடுகு தாளித்தால் அது கத்தும். துண்டை வீசிக்கொண்டே தாளிக்கக் கற்றுக்கொண்டேன். குக்கர் கொண்டு வருகிறவர்கள் தட்டு இண்டக்‌ஷனா, சாதாரணக் கண்ணாடித் தட்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. கியோத்தியேர் பக்கத்து மளிகைக் கடைகளில் பருப்பும் அரிசியும் கிடைக்கும், அதைத் தூக்கி வர வேண்டாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ரெசிதான்ஸ் என்கிறேன்? ஒப்பந்தத்துக்காக.

கொலோக் ஒப்பந்தம் இரண்டு வகை. ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பல வீடுகளில் எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள், அதில் 'கூட்டுப் பொறுப்பு' என்று ஒரு பிரிவு இருக்கும். ஒருவர் வாடகை கட்டாவிட்டால் வீட்டுக்காரர் அந்தத் தொகையை உங்களிடமே கேட்கலாம் என்பது அதன் பொருள். அதைவிட முக்கியமானது, நீங்கள் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பிய பிறகும் அந்தப் பொறுப்பு உடனே தீராது. உங்கள் இடத்தில் இன்னொருவர் ஒப்பந்தத்தில் சேர்ந்தால் நோட்டீஸ் காலத்தோடு முடியும். சேராவிட்டால் அதற்குப் பிறகும் ஆறு மாதம் தொடரும். ஜாமீன் போட்டவருக்கும் அப்படியே.

2,000 யூரோ வீட்டில் நாலு பேர் என்று வையுங்கள். நீங்கள் ஸ்தாஜுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் 500-ஐ மீதி மூவர் பகிர்ந்துகொள்ள முடியவில்லை, அல்லது விரும்பவில்லை. புது ஊரில் வாடகை கட்டிக்கொண்டே பழைய ஊர் வாடகைக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். செப்டம்பரில் அறைக்கு ஆள் பிடிப்பது சுலபம், பிப்ரவரியில் அவ்வளவு சுலபமில்லை. முன்பணமும் சிக்கல்தான். ஒற்றை ஒப்பந்தத்தில் வீடு முழுதும் காலியாகும்போதுதான் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் பங்கைப் புதிதாக வருபவரிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நல்ல நண்பர்கள் என்றால் இதெல்லாம் பேச்சிலேயே முடிந்துவிடும். ஊரிலிருந்து இறங்கும்போது யார் நல்ல நண்பர் என்று எப்படித் தெரியும்?

ரெசிதான்ஸில் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும்தான். பொருட்களோடு தரும் வீட்டுக்கு, 1989-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒரு மாத நோட்டீஸ் போதும். காரணம் சொல்ல வேண்டாம், ஆள் பிடித்துத் தர வேண்டாம். ஒப்பந்தம் ஒரு வருடமானாலும் ஒன்பது மாத மாணவர் ஒப்பந்தமானாலும் இதே விதி. ஹோட்டல் மாதிரி நடத்தும் சில இடங்கள் வேறு வகை ஒப்பந்தம் தருகின்றன. அதனால் தாளின் தலைப்பில் அந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டீஸில் ஒரு நுணுக்கம். மின்னஞ்சல் கணக்கில் வராது. ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபால் வேண்டும், அல்லது நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நாளை அல்ல, அவர்களுக்குக் கிடைத்த நாளையே தொடக்கமாக எடுப்பார்கள். பிப்ரவரி முதல் தேதி ஸ்தாஜ் என்றால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே தபால் போய்ச் சேர வேண்டும். விடுமுறையில் வரவேற்பறை பூட்டியிருந்து தபால் ஒரு வாரம் தள்ளினால், அந்த ஒரு வார வாடகையும் உங்கள் தலையில்தான். கடைசி மாதத்துக்கு நாள் கணக்கில் கட்டினால் போதும்.

அப்புறம் முன்பணம். பொருட்களோடு தரும் வீட்டுக்கு உச்சம் இரண்டு மாத அடிப்படை வாடகை, ரெசிதான்ஸில் பொதுவாக ஒரு மாதம். அறை எந்த நிலையில் இருக்கிறது என்று வந்தபோது எழுதிய பட்டியலும் போகும்போது எழுதும் பட்டியலும் ஒத்துப்போனால் ஒரு மாதத்தில் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மாதம். தாமதமானால் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் பத்து சதவீதம் சேரும். ரெசிதான்ஸ்காரர்கள் இந்தப் பட்டியலில் கறார். என் அறையைப் பார்க்க வந்த பெண்மணி மின்தட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார், ஷவர் கண்ணாடியைச் சாய்ந்து பார்த்தார். கண்ணாடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புக்கு வெள்ளை வினிகர் தேய்த்தால் போய்விடும். வெள்ளை மேடையில் விழுந்த மஞ்சள்தூள் கறைக்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. அது போகவில்லை, கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். சமையல் மேடையில் ஒரு பெரிய பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வந்த பத்து நாளுக்குள் முதல் பட்டியலில் விட்டுப்போன குறைகளைச் சேர்க்கச் சொல்லலாம், ஹீட்டருக்கு மட்டும் குளிர்காலம் தொடங்கிய முதல் மாதம் வரை. ஓட்டை, கீறல், தளர்ந்த கதவுப்பிடி எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

பராமரிப்பு ரெசிதான்ஸின் பலவீனம். பல ரெசிதான்ஸ்களில் ஒவ்வொரு ஸ்டூடியோவும் முதலீட்டுக்காக வாங்கிய தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம். நடத்தும் நிறுவனம் அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நமக்கு விடுகிறது. பல்பு, பூட்டு மாதிரி விஷயம் என்றால் சீக்கிரம் நடக்கும். மெத்தை, ஃப்ரிட்ஜ் என்றால் யார் காசு கொடுப்பது என்று இழுக்கும். ஒரே கட்டடத்தில் பக்கத்து அறை புத்தம் புதிதாகவும் நம் அறை பழசாகவும் இருப்பது இதனால்தான். முடிந்தால் உங்களுக்கு ஒதுக்கும் அறையின் படத்தையே கேளுங்கள், மாதிரி அறையின் படத்தை அல்ல. கோடையில் இன்னொரு தொல்லை, ஏசி கிடையாது. ஜூலையில் மேல்தளத்து அறை வேகும்.

ஜாமீன் விஷயத்தில் ரெசிதான்ஸ் சுலபம். விசால் என்ற இலவச உத்தரவாதத்தை அவர்கள் பழக்கமாக ஏற்றுக்கொள்கிறார்கள். 30 வயது வரையிலான மாணவர்களுக்கு அது கிடைக்கும், வாடகைக்கு ஓர் உச்சவரம்பு மட்டும் உண்டு. நமக்குப் பொதுவாக விசா வந்த பிறகே விசால் சான்று கிடைக்கும், விசாவுக்கோ தங்குமிடச் சான்று வேண்டும். இந்தச் சுழலைப் புரிந்துகொண்டு முன்பதிவுக் கடிதம் தருகிறவர்கள் ரெசிதான்ஸ்காரர்கள்தான். தனி வீட்டுக்காரரிடம் இதை விளக்கவே ஒரு மாதம் போகும்.

காஃப் என்ற அரசு நல அமைப்பு தரும் வீட்டு உதவித்தொகையை இரண்டு பக்கமும் கணக்கில் எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் கொலோக்கிலும் தனியாக விண்ணப்பிக்கலாம், முதல் மாதத்துக்கு எங்கேயும் வராது. ஆனால் படிப்புக்கான உதவித்தொகை பெறாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு இதை நிறுத்தும் யோசனை 2026-க்கான நிதி மசோதாவிலேயே இடம்பெற்றது. முழு வாடகையும் கையிலிருந்து போகும் என்றே திட்டமிடுங்கள்.

கொலோக்கை நான் ஒதுக்கவில்லை. கிரெனோபிளில் ஸ்தாஜ் முழுவதும் கொலோக்கில்தான் இருந்தேன், 'மொபிலிதே' எனப்படும் குறுகிய கால ஒப்பந்தத்தில். ஒன்று முதல் பத்து மாதம் வரை போடலாம், முன்பணம் கேட்கக் கூடாது, கூட்டுப் பொறுப்புப் பிரிவும் கூடாது. ஸ்தாஜ் மாணவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. ஞாயிறு மதியம் நாலு அடுப்பிலும் ஏதாவது வெந்துகொண்டிருக்கும், என் பிரெஞ்சு அங்கேதான் தேறியது. லியோனிலும் அறைக்குத் தனி ஒப்பந்தம் தரும் கொலோக் கிடைத்து, யாராவது நேரில் பார்த்துச் சொன்னால் தயங்காமல் எடுக்கலாம். வருடம் முழுதும் அப்படி இருந்தவன் இல்லை நான். குளிர்காலத்தில் ஐந்து பேருக்கு ஒரு குளியலறை எப்படி இருக்கும் என்பதை இருந்தவர்களிடம் கேளுங்கள்.

ரெசிதான்ஸ் என்று முடிவு செய்தால் ஜூலைக்குள் பிடித்துவிடுங்கள், செப்டம்பருக்கு மிஞ்சுவது விலை கூடிய அறைகள்தான். பணம் கட்டும் முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: விசா மறுக்கப்பட்டால் முன்பதிவுத் தொகை முழுதும் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்று. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.