தேர்தல் சுவரொட்டியா, போர் எதிர்ப்புப் படமா?

சுவரில் ஒன்றுக்குத்தான் இடம், எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு.

விலை: தேர்தல் சுவரொட்டி கட்டுக்கட்டாக அச்சாவதால் பெரும்பாலும் மலிவு. 1972-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மெக்கவர்னுக்காக ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்தது வேறு ரகம்: எதிராளி நிக்சனின் முகத்தைப் பச்சையாக்கிவிட்டு, அடியில் 'மெக்கவர்னுக்கு வாக்களியுங்கள்' என்று எழுதினார், வேட்பாளர் படமே கிடையாது! போர் எதிர்ப்பில் அசல் அச்சு என்றால் பை காலியாகும், மறுபதிப்பே போதும்.

உழைப்பு: இரண்டுமே பெரும்பாலும் தெருவுக்கான மலிவுத் தாள்தான். வெயில் படாமல் மாட்டுங்கள்.

ஆயுள்: வாக்குப்பதிவு முடிந்தால் முன்னது பழங்கதை. போர் எதிர்ப்புப் படம் அப்படியல்ல: 1924-ல் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் வரைந்த, ஒரு கையை உயர்த்தி மறுகையை நெஞ்சில் வைத்துக் கத்தும் அந்த உருவத்துக்கு இன்றும் விளக்கவுரை வேண்டாம்.

அரசியல் பைத்தியம் என்றால் முன்னது. தினமும் பார்க்க வேண்டியது என்றால் கோல்விட்ஸ், ஆனால் படுக்கையறையில் மட்டும் வேண்டாம்.