கத்தோலிக்க இதழுக்கு வாசகர் கட்டுரை: பெங்களூரிலிருந்து எழுதிவரும் அனுபவம்

தமிழ்க் கத்தோலிக்க இதழ் ஒன்றுக்குப் பல வருடங்களாக வாசகர் கட்டுரைகள் அனுப்பி வருகிறேன். பெரும்பாலும் சமயமும் அரசியலும் உரசும் விஷயங்கள்தான். லிங்கராஜபுரம், ஃபிரேசர் டவுன் பக்கம் இருக்கும் நண்பர்கள் சிலர் தாங்களும் எழுதலாமா, போடுவார்களா, பங்குக் கோயிலில் வம்பு வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். சபைக்குள் அரசியலைப் பேச வேண்டியவர்கள் முதலில் குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரான நாம்தான்.

இது என் ஆசைக்குச் சொல்வதில்லை. 1983இல் வந்த திருச்சபைச் சட்டம், அரசாங்க அதிகாரம் உள்ள பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்கிறது. கட்சிகளில் அவர்கள் தீவிரமாக ஈடுபடுவதற்கும் தடை போடுகிறது. அதே சட்டத்தின் 212ஆம் எண், சபையின் நன்மைக்கான தங்கள் கருத்தை ஆயர்களிடமும் மற்றவர்களிடமும் சொல்லும் உரிமையை இறைமக்களுக்குக் கொடுக்கிறது, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. 227ஆம் எண் பொதுநிலையினருக்கு உலகக் காரியங்களில் சுதந்திரம் தருகிறது. ஆனால் கருத்துக்கு இடமுள்ள விஷயத்தில் சொந்தக் கருத்தையே திருச்சபையின் போதனையாக முன்வைக்கக் கூடாது என்று அங்கேயே கட்டுப்பாடும் இருக்கிறது. இந்த 227ஐத்தான் எழுத வருகிற ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டும்.

இதைப் படிக்கச் சொன்னவர் எங்கள் இதழின் ஆசிரியர். அவர் ஒரு குரு. கட்டுரை போனதும் பெரும்பாலும் போனில்தான் பேசுவார். "தம்பி, இது உங்க கருத்தா, திருச்சபை போதனையா? அதை மட்டும் பிரிச்சுக் குடுங்க, மத்தது நான் பாத்துக்கறேன்" என்பார். நானும் "சரி ஃபாதர்" என்று உட்கார்ந்துவிடுவேன். 'இந்தச் சட்டத்தைத் திருச்சபை எதிர்க்கிறது' என்று பொதுவாகச் சொல்வது அவருக்குப் போதாது. யார் எதிர்த்தார், எப்போது, எந்த வாசகத்தை என்று மூன்றும் வர வேண்டும். அதற்கப்புறம் தனி வாக்கியமாக 'நான் உடன்படுகிறேன், காரணம் இது' என்று வர வேண்டும். கேட்கச் சின்ன வேலை போலத் தெரியும், உட்கார்ந்தால் பாதி ராத்திரி ஆகிவிடும். ஆனால் கட்டுரைக்குக் கிடைக்கிற பலம் வேறு எதிலும் கிடைக்காது. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 76ஆம் எண்ணும் இதைத்தான் சொல்கிறது: குடிமக்களாக நம் பொறுப்பில் செய்வது ஒன்று, ஆயர்களோடு சேர்ந்து சபையின் பெயரில் செய்வது இன்னொன்று.

நான் எழுதியதில் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது கர்நாடக மதமாற்றத் தடைச் சட்டம் பற்றிய கட்டுரை. மசோதா 2021 டிசம்பரில் சட்டப்பேரவையில் நிறைவேறியது, அடுத்த மே மாதம் அவசரச் சட்டமாக வந்தது, 2022 செப்டம்பரில் மேலவையும் நிறைவேற்றியது. அந்தச் சமயம் கோயில் வாசலில் நின்றால் ஆளுக்கொரு கதை காதில் விழும். அதனால் சட்டத்தின் வாசகத்தையே எடுத்து வைத்து, பிரிவு பிரிவாக எளிய தமிழில் எழுதினேன். மதம் மாற விரும்புகிறவர் முப்பது நாள் முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். சட்டத்தை மீறி மாற்றியதாக நிரூபணமானால் மூன்று முதல் ஐந்து வருடம் சிறை, 25,000 ரூபாய் அபராதம். மாற்றப்பட்டவர் பெண், சிறுவர், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் பத்து வருடம் வரை போகும். குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான்.

கட்டுரை வந்த வாரம் தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் இதழை மடித்துக் கையில் பிடித்தபடி நிறுத்தினார். "தம்பி, ஃபாரம் யாரு போடணும்? மார்றவங்களா, ஞானஸ்நானம் குடுக்கறவங்களா?" ரெண்டு பேருமே, தனித்தனிப் படிவம் என்றேன். பேனா வாங்கி ஓரத்தில் குறித்துக்கொண்டார். 1977இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்ததையும் அதில் சேர்த்திருந்தேன். நமக்குப் பிடிக்காத தீர்ப்பை எதற்குப் போட்டாய் என்று சிலர் கோபப்பட்டார்கள். நம் பக்கத்து வாதத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் வெளியே ஒரு கேள்விக்குக்கூட நிற்க முடியாது. பெங்களூர்ப் பேராயர் பீட்டர் மச்சாடோ சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததை அவருடைய நிலைப்பாடாகவும், என் எதிர்ப்பை என்னுடையதாகவும் பிரித்து எழுதியதால் அந்தக் கட்டுரை தாக்குப் பிடித்தது. 2023 ஜூனில் புதிய அரசின் அமைச்சரவை சட்டத்தைத் திரும்பப் பெற முடிவெடுத்தபோதும் அதையே எடுத்துப் படித்தவர்கள் உண்டு.

பெங்களூரிலிருந்து எழுதுவதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்கே வழிபாட்டு மொழியே அரசியல். எந்தக் கோயிலில் கன்னடத்தில் எத்தனை பூசை, தமிழில் எத்தனை, ஆங்கிலத்தில் எத்தனை என்ற தகராறு பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு இது புரியாது. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்தி வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தமிழர்களுக்கு இங்கே என்ன குறை என்று கேட்பார்கள். கன்னடக் கத்தோலிக்கரின் நியாயத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பது என் முடிவு. அவர்கள் மண்ணில் அவர்கள் மொழி பலிபீடத்தில் கேட்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

தேர்தல் சமயத்தில் இதழ் இன்னும் கறாராகிவிடும். வேட்பாளர் பெயர் வராது, கட்சிப் பெயர்கூட அவசியமென்றால்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் முறைகேடு. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை வாக்காளரின் மதத்துக்கும் சேர்த்தே பொருள்கொண்டது. 'நம்ம ஆளு' என்று எழுதினால் அது கிறிஸ்தவ அரசியலும் ஆகாது.

இனி குறை. சபைக்கு வெளியே இருக்கும் அரசியலை எழுதினால் வரவேற்பு, உள்ளே இருக்கும் சாதியை எழுதினால் மௌனம். கல்லறையில் தனி இடம், தேர்பவனியில் தெரு பிரிப்பது பற்றி நான் வேறு இதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரைக்குப் பதிலே வரவில்லை. வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். தலித் மக்கள் சபைக்குள்ளும் ஒதுக்கப்படுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆயர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டதை ஒரு வாசகர் எழுதினால் ஏன் கூச வேண்டும்? இது எனக்கு ஆறாத வருத்தம்.

சில்லறை விஷயங்கள்: சன்மானம் கிடையாது, வந்த இதழ் ஒன்று தபாலில் வரும். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினால் அச்சுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது 'ஸ்ரீ', 'க்ஷ' எல்லாம் சிதறிவிடும். அதனால் பக்கம் முடிந்ததும் புரூஃப் கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள். தலைப்பை அவர்கள் மாற்றினால் விட்டுக்கொடுங்கள், சட்டப்பிரிவு, ஆண்டு போன்ற எண்களை மாற்றினால் விடாதீர்கள்.

பழங்குடி மக்களுக்காகப் பாடுபட்ட இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி பற்றி எழுதியபோது, திருச்சிப் பக்கத்துக்காரரான அவர் 1975 முதல் பத்தாண்டுக்கு மேல் இங்கே பென்சன் டவுனில் இந்திய சமூக நிறுவனத்தை நடத்தியவர் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. நம் ஊரில் நடந்ததை நாம் எழுதாமல் யார் எழுதுவார்கள்?

இப்போது எழுதிக்கொண்டிருப்பது, யாரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாம் என்று மதத்தையும் வைத்து வரையறுக்கும் 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை பற்றி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடு இருந்துவிட்டு வேலைக்காகப் பெங்களூர் வந்தவர்கள், இங்கே பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கியபோது என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். பெயர் போட மாட்டேன்.