சிங்கப்பூரா, ஜாவாவா, சியெம் ரீப்பா: பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு கலைப் பயணம்

2024 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் எங்கள் பள்ளியிலிருந்து 24 பிள்ளைகளைக் கம்போடியாவுக்கு அழைத்துப் போய் வந்தோம். எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை, கூடவே நான்கு ஆசிரியர்கள். நான் ஓவிய ஆசிரியன். கிளம்புவதற்கு முந்தைய ஆறு மாதமும் எங்கே போவது என்கிற பஞ்சாயத்துதான். நிர்வாகம் சிங்கப்பூர் என்றது, வரலாற்று டீச்சர் இந்தோனேசியாவின் ஜாவா என்றார், நான் கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப் என்றேன். கடைசியில் என் கட்சி ஜெயித்தது, அதனால் இந்த அலசல் ஒரு பக்கமாகச் சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்கு இதே பள்ளிப் பிள்ளைகளோடு 2018-இல் போயிருக்கிறேன். ஜாவாவுக்குத் தனியாகத்தான் போனேன், ஒரு பிள்ளையைக்கூடக் கையில் பிடித்துக்கொண்டு போனதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். சிங்கப்பூருக்குச் சென்னையிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம். மற்ற இரண்டுக்கும் பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறித்தான் போக வேண்டும். விசா மூன்றுக்கும் உண்டு, எதுவும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை பாஸ்போர்ட்டில்தான் வரும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுதான் செல்லும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்; ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே வாங்கிப் பாருங்கள், எங்களுக்கு மூன்று பேர் மாட்டினார்கள். சாப்பாட்டில் சிங்கப்பூருக்கு முதல் மார்க், அதில் பேச்சே இல்லை. கம்போடியாவில் மீன் சாறு எதில் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, ஜாவாவில் இறால் விழுது அப்படித்தான். சியெம் ரீப்பில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, சைவப் பிள்ளைகள் ஏழு பேரும் அங்கேயே ஓட்டிவிட்டார்கள்.

சிங்கப்பூரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் ஒன்றாக இணைத்து 2015-இல் திறந்த தேசிய ஓவியக்கூடம் மாதிரி ஒன்று நம் பக்கம் கிடையாது. ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில், 9-ஆம் நூற்றாண்டில் பெலிதுங் தீவுக்குப் பக்கத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சீனப் பீங்கான் கிண்ணங்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் பையன்கள் வாயே திறக்கவில்லை. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், அதற்கப்புறம் நடந்து போகிற தூரத்தில் தோசை. எல்லாம் சரிதான், ஆனால் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு அருங்காட்சியகத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கவனம் நாற்பது நிமிடம், அதற்குமேல் அவன் குளுகுளு காற்றுக்காகத்தான் உள்ளே நிற்கிறான். ஊர் திரும்பியதும் பயணக் கட்டுரை எழுதச் சொன்னேன். இருபதில் பதினாறு பேர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பற்றி எழுதியிருந்தார்கள். அரை நாள்தான் அங்கே போனோம்.

ஜாவா வேறு ரகம். யோக்யகர்த்தா நகரில் தங்கிக்கொண்டால் போரோபுதூர் என்கிற பௌத்தக் கோயில், பிரம்பானான் என்கிற இந்துக் கோயில் இரண்டையும் பார்க்கலாம். போரோபுதூரில் புடைப்புச் சிற்பப் பலகைகள் மட்டும் 2,672. பிரம்பானானில் சிவன் கோயிலின் சுற்றுச்சுவர் உட்பக்கத்தில் ராமாயணம் ஓடுகிறது, மிச்சக் கதை பிரம்மா கோயிலில் தொடர்கிறது. அதே கோயிலைப் பின்னணியாக வைத்து 1961-இலிருந்து ராமாயண நாட்டிய நாடகம் நடக்கிறது. ஊருக்குள் பாத்திக் பட்டறைகளில் சாந்திங் என்கிற மூக்கு வைத்த சின்னச் செப்புக் கரண்டியால் உருகிய மெழுகைத் துணியில் இழுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் இழுத்த கோடு நெளிந்து போய், ஓவிய வாத்தியார் என்று அதன்பிறகு வாய் திறக்கவே இல்லை. கைவேலை என்று பார்த்தால் மூன்று ஊரில் ஜாவாதான் பணக்கார ஊர், இதை என் கட்சிக்கு எதிராகவே சொல்கிறேன்.

அப்படியிருந்தும் ஏன் சியெம் ரீப் என்றால், மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை 24 பிள்ளைகளை என்ன செய்வது என்கிற ஒரே கேள்விக்காகத்தான். சிரிக்காதீர்கள். நான் பார்த்தவரை பள்ளிப் பயணம் கெட்டுப்போவது அந்த நாலரை மணி நேரத்தில்தான். விடியற்காலையில் கிளப்பிவிட்ட பிள்ளைக்குப் பத்தரைக்குப் பசி, பதினொன்றரைக்குத் தலைவலி, பன்னிரண்டுக்கு யார் மேலாவது கோபம். அதற்கப்புறம் எதைக் காட்டினாலும் அவர்களுக்கு அது கல்லுதான். பெரியவர்கள் கொடுத்த காசுக்காகத் தாங்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் ஏன் தாங்க வேண்டும்?

அங்கோர் வாட் சியெம் ரீப் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். மூன்று நாள் அனுமதிச்சீட்டு 62 டாலர், நம் போட்டோ போட்டுக் கொடுப்பார்கள், ஒரே நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். அந்த மூன்று நாளையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 12 வயதுக்குக் கீழே இலவசம், எங்கள் கூட்டத்தில் அப்படி யாரும் இல்லை. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினோம், பத்தரைக்கெல்லாம் விடுதிக்குத் திரும்பினோம். சாப்பாடு, தூக்கம், நீச்சல் குளத்தில் கும்மாளம். மூன்றரைக்கு முகம் கழுவிக்கொண்டு புது ஆளாக மறுபடி கோயிலுக்கு. மூன்று நாளில் இப்படி ஆறு வேளை கிடைத்தது. ஜாவாவில் யோக்யகர்த்தாவிலிருந்து போரோபுதூர் 40 கிலோமீட்டர் வடமேற்கே, பிரம்பானான் வேறு திசையில், வடகிழக்கே. காலையில் போரோபுதூர் போனால் மத்தியானம் பஸ்ஸில் கழியும், சாயங்காலம் திரும்பப் போகிற பேச்சே இல்லை. போதாததற்கு இப்போது மேலே ஏற நேரம் ஒதுக்கி, ஆள் எண்ணி, அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கல் தேய்வதைத் தடுக்கத்தான், நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளை ஒரு சிற்பத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைய அங்கே வழியில்லை.

எங்கள் பயணமே வரைவதற்காகத்தான். ஒரே இடத்துக்கு இரண்டு முறை போக முடிந்ததால் வெளிச்சம் என்றால் என்ன என்று நான் வகுப்பறையில் பத்து வருஷம் கத்தியது அவர்களுக்கு இரண்டு நாளில் புரிந்தது. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். சூரிய உதயத்துக்கு மொத்தக் கூட்டமும் மேற்கே குளக்கரையில் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் அதை விட்டுவிட்டுக் கிழக்குத் திருச்சுற்றுக்குப் போய்விட்டோம். பாற்கடல் கடைவது அங்கேதான் இருக்கிறது, ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, அசுரர்களின் இடுப்பு மடிப்புகூடத் தெரிந்தது. சாயங்காலம் மேற்குத் திருச்சுற்று: ஒரு பக்கம் குருக்ஷேத்திரம், மறு பக்கம் இலங்கைப் போர். அதற்குச் சாயங்கால வெயில்தான் சரி.

பாற்கடல் சிற்பத்தில் 88 தேவர்கள், 92 அசுரர்கள் என்பது கணக்கு. அதைச் சொல்லாமல் எண்ணிவிட்டு வாருங்கள் என்று நாலு குழுவாக அனுப்பினேன். நாலு குழுவும் நாலு விடை சொல்லிச் சண்டை போட்டது. ஆனால் எண்ணும்போதுதான் தேவர்கள் வரிசையின் கடைசியில் வாசுகிப் பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு குரங்கு நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். நம்ம கதையில் குரங்கு இல்லையே சார் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டதுதான் அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கிளம்பும் முன் பெற்றோர் குழுவில், இதையெல்லாம் தமிழ் மன்னன் கட்டினான் என்று வழக்கமான வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. கட்டியது கம்போடியாவின் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், விஷ்ணுவுக்காக. நம்முடையது என்று போர்டு மாட்டிவிட்டால் அந்தக் குரங்கு யார் கண்ணுக்கும் படாது.

உண்மையான தமிழ்த் தொடர்பு வேறு இடத்தில் இருந்தது. ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் வாக்கில் பன்தாய் ஸ்ரே, 967-இல் குடமுழுக்கு நடந்த சிவன் கோயில், சிவப்பு மணற்கல். சின்னக் கோயில்தான், ஆனால் மரத்தில் செதுக்கியது போல வேலை. அங்கே ஒரு வாயிலின் மேல்முகப்பில் சிவன் ஆட, காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் சொல்கிற உருவம். தமிழ் ஐயா அதுவரை செருப்புக் கடித்த காலோடு முனகிக்கொண்டே வந்தவர், அங்கே நின்று திருவாலங்காட்டுக் கதையை முழுக்கச் சொன்னார். பிள்ளைகள் கேட்ட அளவுக்கு நாங்கள் ஆசிரியர்களும் கேட்டோம். இந்த ஒரு இடம் மத்தியானக் கணக்குக்கு ஒத்துவராது, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். காலையில் முதல் வேலையாகப் போய்விட்டு வந்துவிடுங்கள்.

மத்தியானத்தில் எல்லா நாளும் தூங்கவில்லை. ஒரு நாள் ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் பட்டறைக்கு நடந்தே போனோம், கல் செதுக்குவதையும் அரக்குப் பூச்சையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ராத்திரி ஃபார் சர்க்கஸ். மிருகங்கள் கிடையாது, கூடாரத்துக்குள் ஆட்டமும் வித்தையும் ஓவியமும் கலந்த ஒரு மணி நேரம். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் 1994-இல் பத்தம்பாங் ஊரில் தொடங்கிய கலைப் பள்ளியின் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அந்த நாட்டுக் கலைஞர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள் என்பதை நாங்கள் போவதற்கு முன்பே பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். அதனால் அந்த ஆட்டம் அவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு சொல்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, பாதி சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

குறைகளும் உண்டு. 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், வந்து இறங்கிய ராத்திரி பிள்ளைகள் பஸ்ஸிலேயே சாய்ந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் விடுதி விலை எகிறிக் கிடந்தது, தா புரோம் கோயிலில் மரவேர் பக்கத்தில் போட்டோ எடுக்க வரிசை. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குப் பௌத்தர்களின் புனித நாளில் விடமாட்டார்கள். நாங்கள் சரியாக அமாவாசையை ஒட்டிப் போய் ஏமாந்தோம், காலண்டரைப் பார்க்காதது என் தப்பு. முட்டியும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்பதைப் பெட்டி கட்டும்போதே சொல்லிவிடுங்கள். டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் கையை ஆட்டிவிடுவார், புது நோட்டாக வாங்கிப் போங்கள்.

பயண முகவர் கொடுத்த முதல் திட்டத்தில் இரண்டு விஷயங்களை நாங்கள் அடித்தோம். ஒன்று, நடுவில் தலைநகர் புனோம் பென்னுக்கு பஸ், போகவே ஐந்தாறு மணி நேரம். இன்னொன்று அநாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்பது. கம்போடியாவில் இப்படி வரும் பயணிகளுக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளை இல்லங்களில் சேர்த்து வைக்கிற கொடுமை நடந்திருக்கிறது, யுனிசெஃப் முதல் பலரும் போகாதீர்கள் என்கிறார்கள். நம் பள்ளிக்கு யாராவது வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி நம் பிள்ளைகளை ஆடச் சொன்னால் விடுவோமா என்று முகவரிடம் கேட்டேன், மறு பேச்சில்லாமல் எடுத்துவிட்டார்.

இதெல்லாம் டிசம்பர், ஜனவரிக் கணக்கு. 2025 ஜூலையில் கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் எல்லையில் சண்டை மூண்டது, நாங்கள் போனது அதற்கு முன்பு. இப்போது திட்டம் போடுகிறவர்கள் வெளியுறவு அமைச்சக அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். பாங்காக் வழி டிக்கெட் என்றால் இன்னும் கவனம்.

கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்கிற பள்ளிகளுக்கு என் விடை தலைகீழ். ஏப்ரல், மே மாதங்களில் சியெம் ரீப் வெயில் மதுரை வெயிலுக்குச் சளைத்ததில்லை என்கிறார்கள், காலை எட்டு மணிக்கே வேளை முடிந்துவிடும். ஜாவாவில் மே மாதம் மழை ஓய்ந்திருக்கும், பிரம்பானான் நாடகத்தையும் திறந்தவெளி மேடையில் போட ஆரம்பித்திருப்பார்கள். யோக்யகர்த்தாவில் தங்காமல் போரோபுதூர் கிராமத்திலேயே இரண்டு ராத்திரி தங்கினால் மத்தியானப் பிரச்சினையும் பாதி தீரும் என்று தோன்றுகிறது. 24 பேருக்கு அங்கே ஒரே கூரையின் கீழ் இடம் கிடைக்குமா என்று வரலாற்று டீச்சர் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.