பழைய ஜிப்ஸியில் எஞ்சின் சூடேறும் பிரச்சினை: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

நான் பயன்படுத்துவது 1999-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங். 1,298 சிசி கொள்ளளவுள்ள, கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர்கள் உள்ள பிளாக், அதன் மேல் மூடியாக அமரும் ஹெட் இரண்டுமே அலுமினியம். கோவையில் பழைய வண்டியாக வாங்கி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும், நீலகிரியிலும், எஸ்டேட்டுகளுக்குள் போகும் கல் பாதைகளிலும் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இந்த வண்டியில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது எஞ்சின் சூடேறும் தொல்லைதான். அது வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களால் வந்தது. ஒவ்வொரு முறையும், எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தச் சூழ்நிலையில் சூடேறுகிறது என்று கவனித்ததுதான் வழி காட்டியது.

முதலில் மீட்டர் முள்ளை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு வயதான வண்டியில் எர்த் வயர்கள் துருப்பிடித்திருக்கும். வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே மேலேறினால், எஞ்சினைத் தொடுவதற்கு முன் டேஷ்போர்டின் பின்னால் உள்ள இணைப்புகளைப் பார்ப்பது நல்லது. அதன் பிறகு, எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் உறை வெப்பத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்கலாம். பளபளப்பான அலுமினியத்தின் மேல் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்கிறேன். என் வண்டியில் சமதளத்தில் 85 முதல் 90 டிகிரி வரை நிற்கும் வெப்பம், லோ கியரில் ஏற்றம் ஏறி நிறுத்திய உடனே 105-ஐத் தாண்டியிருந்தது. முள் சொன்னது உண்மைதான் என்று அப்போது உறுதியானது.

அந்த முதல் கட்டத்தில் நெடுஞ்சாலையில் எந்தத் தொந்தரவும் இல்லை. மெதுவாக ஏறும்போது மட்டுமே சூடேறியது. வேகமாகப் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுகிறது. மெதுவாகப் போகும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனின் பொறுப்பு. ஆகவே குற்றம் பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் இருக்கும். ஆனால் நான் காட்டிய மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார். மாற்றுக் கருத்து சொன்ன இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடச் சொன்னார். இரண்டையும் செய்யாமல், எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, செய்தித்தாளில் ஒரு முழுத் தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாகத் தாள் ஒட்டிக்கொண்டது; நான்கு மூலைகளும் தளர்ந்து தொங்கின. முன் உரிமையாளர் காலத்தில் எப்போதோ ரேடியேட்டரைக் கழற்றி மாட்டியவர்கள், ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய ஷ்ரவுட்டைத் திரும்பப் பொருத்தவே இல்லை. அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன், எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் ஓரப்பகுதி வழியாகக் காற்று இழுபடாது. பழைய பாகங்கள் விற்கும் கடையில் ஒரு ஷ்ரவுட் கிடைத்தது. அதைப் பொருத்தியதும் தாள் மூலை வரை படிந்து நின்றது.

ஃபேனையும் அதைச் சுழற்றும் தண்டையும் கெட்டியான எண்ணெய் வழியாக இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங்கையும் அதே சமயம் சோதித்தேன். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிவிட வேண்டும். உள்ளே உள்ள சிலிக்கான் எண்ணெய் நல்ல நிலையில் இருந்தால் அது உடனே இறுகி நின்றுவிடும். தடையே இல்லாமல் பல சுற்றுகள் ஓடினால் கப்ளிங் செத்துவிட்டது என்று பொருள். அதன் முகப்பில் சக்கர ஆரங்கள்போலப் பரவிய எண்ணெய்க் கசிவும் புழுதியும் தெரிந்தால் கூடுதல் சான்று. என்னுடையது தளர்ந்திருந்தாலும் முற்றிலும் போகவில்லை. இருந்தும் மாற்றிவிட்டேன், ஏனெனில் மலைப்பாதையில் அதை நம்பித்தான் ஏற வேண்டும்.

ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். சந்தேகத்தின் பேரில் மட்டுமே ஹெட்டைத் திறப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வழக்கம். நன்றாக இருந்த எத்தனையோ எஞ்சின்கள் அப்படித் திறக்கப்பட்டிருக்கின்றன. சோதனை எளிது. இரவு முழுவதும் ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாத முதல் நிமிடத்திலேயே ஹோஸ் கல்போல் இறுகினால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்துக்குள், போகிறது. சந்தேகம் நீடித்தால், ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். என் வண்டியில் திரவம் நீலமாகவே நின்றது. ஹெட்டை யாரும் தொடவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே போன்ற வழக்கம்தான். காற்றோட்டம் இல்லாத ரேடியேட்டருக்கு அதனால் எந்த நன்மையும் கிடையாது. மறுபக்கம், நீலகிரிக் குளிரில் எஞ்சின் உரிய வெப்பத்துக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும். சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி, பாத்திரத்தில் உள்ள தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைக்கலாம். என்னுடையதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. ஏறக்குறைய அந்த வெப்பத்தில் வால்வு இருக்கையை விட்டு மெல்ல விலகத் தொடங்கியது, 95-ஐ நெருங்கும்போது முழுதாகத் திறந்து நின்றது. அதையே மறுபடியும் மாட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்து வேறுவிதமாகத் தொல்லை தொடங்கியது. உதகைக்கு ஏறி வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் ரேடியேட்டரில் மிகும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் ரிசர்வ் டப்பா பொங்கி வழிந்தது. ஆனால் அளந்து பார்த்தால் வெப்பம் அசாதாரணமாக இல்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கொதிநிலை உயர்கிறது, அழுத்த அளவு 0.9 என்று குறித்த மூடி ஒழுங்காக வேலை செய்தால், அவ்வளவு உயரத்திலும் வெறும் தண்ணீரே 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். என் மூடியின் அடி ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. வண்டியை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்று, உலோகத்தின் வெப்பம் முழுவதும் தேங்கிய தண்ணீரில் இறங்குவதால், அந்த நேரத்தில்தான் பொங்கும். இந்த மொத்தப் பிரச்சினைகளில் மிகக் குறைந்த செலவில் தீர்ந்தது இதுதான்.

மூன்றாவது கட்டத்தில் நிலைமை தலைகீழானது. மலையில் பரவாயில்லை, பொள்ளாச்சிச் சாலையில் தொடர்ந்து எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் முள் ஏறியது. வேகத்தில் காற்றுக்குக் குறைவில்லை என்பதால், தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் பார்க்க வேண்டியவை மூன்று: வாட்டர் பம்ப், உறிஞ்சும் வேகத்தில் உள்ளே சப்பையாகும் கீழ் ஹோஸ், ரேடியேட்டரின் உட்புறக் குழாய்கள். பம்பின் சீல் போனால் தண்ணீர் சொட்டும் கசிவுத் துளை காய்ந்திருந்தது, பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்த்தபோது ஹோஸும் சப்பையாகவில்லை. ரேடியேட்டரின் முகத்தில் வரிசையாக அளந்தபோது, இரண்டு இடங்களில் நெடுக்காகக் குளிர்ந்த பட்டைகள் தெரிந்தன. அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. கடின போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும்?

ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் முதியவர் ஒருவரிடம் கொண்டு போனேன். ஈயப் பற்றை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்து, தட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு எடுத்தார். கீழே வைத்திருந்த தட்டில் துருவும் வெள்ளைச் செதில்களும் ஈரமாகக் கொட்டின. பித்தளை ரேடியேட்டராக இருந்ததால்தான் இது சாத்தியமானது. பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் புதிதாக மாற்றுவதே மேல்.

மறுபடி நிரப்பும்போது வண்டியின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஓடவிட்டு, காற்றுக் குமிழ்கள் நிற்கும் வரை கூலன்ட் ஊற்றினேன். இப்போது கனிமம் நீக்கிய தண்ணீரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வழியில் சூடேறினால் சூடான அலுமினிய ஹெட்டின் மேல் ஒருபோதும் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதில்லை; ஹெட் வளைந்துவிடும். சென்ற கோடையில் வால்பாறைக்கு நான்கு பேரும் சாமான்களுமாக ஏறியபோது, அட்டகட்டியில் நிறுத்தி அளந்தேன்: 92 டிகிரி. கீழ் ஹோஸில் மட்டும் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன; மழைக்காலத்துக்கு முன் அதை மாற்ற வேண்டும்.